இடது கீழ் மூலை

பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு வீட்டின் பக்கவாட்டுச் செங்கல் சுவரை ஒரு புதிய ஃபுல்ஃப்ரேம் டிஜிட்டல் கேமரா முதல் தடவையாகப் படம் எடுத்தது.

கேமராவுக்குத்தான் அது முதல் தடவை. சுவருக்குப் பழகிப்போன விஷயம். அந்த வீட்டுக்காரர் ஆறு வருடமாக அதைப் படம் எடுத்துவந்தார். பழைய லென்ஸ்கள் மீது பைத்தியம் பிடித்தவர்களுக்குப் பூச்சு பூசாத செங்கல் சுவரைப் போல ஒரு மாடல் அமைவது அரிது. கோடுகளும் கட்டங்களும் அடுக்கடுக்காக இருப்பதால் ஒரு லென்ஸ் எங்கே வளைக்கிறது, எங்கே மங்கடிக்கிறது என்பதை அது அப்படியே சொல்லிவிடும். கண்ணைச் சிமிட்டாது. “போதும் விடுங்க, அடுப்புல வேலை இருக்கு” என்று எழுந்து போகாது. டிரைபாடின் மூன்று கால்களும் நிற்கவேண்டிய இடங்களை அவர் சிமெண்ட் தரையில் சிவப்புப் பெயிண்டால் வட்டமிட்டு வைத்திருந்தார். அந்த வட்டங்களைத் தாண்டிச் சுவரின் பக்கத்தில் அவர் போவதில்லை. போகவேண்டிய அவசியமும் இல்லை. படத்தைப் பெரிதாக்கினால் சுவர் தானாகவே மூக்குக்கு நேரே வந்து நிற்கும்.

அவர் வேலை பார்த்தது ஒரு டைல்ஸ் தொழிற்சாலையில், கடைசிப் பரிசோதனைப் பிரிவில். சூளையிலிருந்து வரும் டைல்ஸை விரல் முட்டியால் தட்டி, எழும் சத்தத்தை வைத்தே உள்ளுக்குள் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று சொல்லுவார். அதனால் தெருவில் அவர் டைல்ஸ்காரர். அவர் கண்ணுக்குத் தப்பிய விரிசல் இன்னும் பிறக்கவில்லை என்று சக ஊழியர்கள் சொல்வார்கள். அந்த விஷயத்தில் அவருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது.

அவரிடம் ஐந்து பழைய லென்ஸ்கள் இருந்தன. ஐந்துமே ஒரே அளவு, ஐம்பது எம்எம். வாங்கிய காலத்தில் அவர் மனைவி கேட்டிருக்கிறாள்: “அஞ்சு அம்பது எதுக்குங்க? மொத்தமா ஒரே இருநூத்தம்பதா வாங்கியிருக்கலாமே?” அவர் பதில் சொல்லவில்லை. சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் கேட்டவர் சொன்னதும் நியாயம்தான் என்று ஆகிவிடும். லென்ஸ்களுக்கு அவரே செல்லப்பெயர் வைத்திருந்தார். கனமாக இருந்தது குண்டு. கண்ணாடி வயசாகி நிறம் மாறியது மஞ்சள். வளையம் திருகும்போது சத்தம் வராதது ஊமை. முன்பக்கம் அடிபட்டது கீறல். எல்லாவற்றிலும் உசத்தி ராணி.

இதுவரை அவர் வைத்திருந்த கேமராவின் சென்சார் சின்னது. லென்ஸ் காட்டுகிற காட்சியில் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓரங்களை விட்டுவிடும். ஓரத்தில் லென்ஸ் என்ன தில்லுமுல்லு செய்தாலும் வெளியே வராது. ஃபுல்ஃப்ரேம் அப்படி இல்லை, மூலை முடுக்கெல்லாம் காட்டிக்கொடுத்துவிடும். ஆறு வருடமாகச் சுவரின் நடுப்பகுதியை மட்டும் பார்த்துவந்தவருக்கு இப்போதுதான் நான்கு மூலைகளும் கிடைத்திருந்தன.

கேமரா வாங்க மனைவி சம்மதித்தது ஒரு நிபந்தனையின் பேரில். ஐந்து லென்ஸில் எது நல்லதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் கொடுத்துவிட வேண்டும். லென்ஸ் இருந்த அலமாரி அவளுக்கு நூல்கண்டு வைக்க வேண்டியிருந்தது.

அவள் தையல்காரி. பதினைந்து வருடம் மாடி அறையில் ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்கு ஜாக்கெட்டும் திரைச்சீலையும் தைத்தவள். இப்போது பெரிய மருத்துவமனை ஒன்று அறுவைசிகிச்சை அங்கியும் படுக்கை விரிப்பும் வருடம் முழுக்க அவளிடமே தைத்து வாங்கிக்கொள்ளச் சம்மதித்திருந்தது. கீழ்த்தளக் கூடத்தில் எட்டு மெஷின் போட வேண்டும். அதற்கு நகராட்சிப் பொறியாளர் வந்து பார்த்துக் கட்டட உறுதிச் சான்றிதழ் தர வேண்டும். மார்ச் முதல் வாரத்துக்குள் சான்றிதழ் கையில் இருந்தால் ஆர்டர் அவளுக்கு. இல்லாவிட்டால் மருத்துவமனை வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளும். மெஷின், ஆட்கள், மின்சார இணைப்பு என்று எல்லாவற்றுக்கும் அவளே அலைந்தாள். கணவரிடம் ஒரே ஒரு வேலையைத்தான் ஒப்படைத்தாள்.

“கட்டடத்த மட்டும் நீங்க பாத்துக்கோங்க. தரை, கூரை, சுவரு. ஏதாவது பழுது இருந்தா இப்பவே சொல்லிடுங்க, கொத்தனார வரச்சொல்லி சரி பண்ணிடலாம்.”

“சுவரப் பத்தி என்கிட்டயா சொல்ற? அந்தச் சுவர்ல எத்தனை செங்கல் இருக்குன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.”

“எண்ணிக்கை வேண்டாங்க. நல்லா இருக்கான்னு பாருங்க.”

“தினம் அதத்தானே பாக்கறேன்!”

இதில் பொய் எதுவும் இல்லை. கூடத்தின் வெளிச்சுவர்தான் அவர் படம் எடுக்கும் சுவர்.

முதல் ஞாயிறு ராணியை மாட்டி எடுத்த படம் அருமையாக வந்தது. நான்கு மூலைகளிலும் காரைக் கோடுகள் கத்தியால் கீறியது போல இருந்தன. டைல்ஸ்காரர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, “சுவரு மாதிரியே இருக்கு” என்றாள். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது ஞாயிறு குண்டின் முறை. அன்றைக்குப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் வந்தது. பக்கத்து மனையில் தகர வேலிக்கு அந்தப்புறம் ஒரு கட்டட நிறுவனம் தரைக்குக் கீழே வண்டி நிறுத்துமிடத்துக்காகப் பெரிய பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தது. மண் தோண்டும் இயந்திரம் ஒவ்வொரு தடவை வாயைப் பூமியில் பதித்தபோதும் டிரைபாட் நடுங்கியது. படம் ஆடிப்போனது. டைல்ஸ்காரர் வேலி ஓரமாகப் போய் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டார்.

“சார், உங்க மெஷின் எங்க வீட்டுத் தரையவே ஆட்டுது.”

மேற்பார்வையாளரின் முகம் வெளிறியது. “ஏதாவது சேதமா சார்?”

“பின்ன? படம் பூரா மங்கலா வருது. ஞாயித்துக்கிழமைல மட்டும் ஒரு பத்து நிமிஷம் நிறுத்த முடியுமா?”

மேற்பார்வையாளர் மூச்சை விட்டார். “பத்து நிமிஷம் என்ன சார், கால் மணி நேரமே எடுத்துக்கோங்க” என்று உடனே இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். எவ்வளவு பண்பான மனிதர் என்று டைல்ஸ்காரர் வீட்டில் வந்து சொன்னார்.

குண்டு ஏமாற்றிவிட்டது. மூன்று மூலைகள் ஒழுங்காக இருந்தன. இடது கீழ் மூலையில் மட்டும் காரைக் கோடு லேசாக இரட்டையாகத் தெரிந்தது. பழைய லென்ஸில் உள்ளே ஒரு கண்ணாடி சற்றே நகர்ந்திருந்தால் ஒரு மூலை மட்டும் இப்படிக் கெடும் என்பது லென்ஸ் பைத்தியங்கள் எல்லோருக்கும் தெரிந்த பாடம். நிச்சயப்படுத்திக்கொள்ள அவர் பூஞ்சைக்குப் போன் செய்தார். பூஞ்சை ஒரு மருந்துக் கடைக்காரர். பூஞ்சை பிடித்த லென்ஸ்களை அடிமாட்டு விலைக்கு வாங்கித் துடைத்துவைப்பதால் வந்த பட்டம்.

“படத்த அனுப்பினேனே, பாத்தீங்களா?”

“பாத்தேன் தலைவரே. ஐயோ பாவம்! உள்ள கண்ணாடி நகந்துடுச்சு. இதெல்லாம் சரி பண்ண முடியாத கேஸு.”

“அப்ப என்ன பண்றது?”

“எனக்குக் குடுத்துடுங்க. ஏதோ உதிரி பாகத்துக்காவது ஆகும்.”

மறுநாளே குண்டு கைமாறியது.

அந்த வாரம் கூடத்தின் கதவு சரியாகச் சாத்தவில்லை. கீழே ஒரு பக்கம் தரையில் உரசி நின்றது. “போன மாசம் வரைக்கும் நல்லாத்தானே சாத்துச்சு” என்றாள் மனைவி. “ஈரத்துல மரம் ஊதியிருக்கும்” என்றார் டைல்ஸ்காரர். இழைப்புளி வாங்கிவந்து கதவின் அடியைச் செதுக்கினார். கதவு சாத்தியது. ஒரு வாரம் கழித்து மறுபடியும் செதுக்கினார்.

மஞ்சளில் அந்த இரட்டைக் கோடு இன்னும் தெளிவாக விழுந்தது. அதுவும் அதே மூலையில். மஞ்சளும் பூஞ்சையிடம் போனது. ஞாயிறு வரை பொறுக்காமல், வார நடுவில் ஒரு காலை இயந்திரம் ஓடத் தொடங்குமுன் மாட்டிய ஊமை இன்னும் மோசம்; கோடு ஒரு செங்கலிலிருந்து அடுத்த செங்கலுக்குப் படி இறங்குவது போல ஓடியது. இப்படி ஒரு கோளாறை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. அதை நினைத்து அவருக்கு உள்ளூர ஒரு பரவசம்கூட இருந்தது. இரவு உணவின்போது லேப்டாப்பைத் திறந்துவைத்து மைத்துனனுக்குக் காட்டினார். மனைவியின் தம்பி, செல்போன் கடை வைத்திருப்பவன், அன்றைக்கு அக்காவுக்கு மெஷின் இறக்க உதவ வந்திருந்தான்.

“அத்தான், இது என்ன, கல்யாண ஆல்பமா? பொண்ணு எங்க?”

“வாய மூடிட்டுப் பாரு. இந்த மூலைய நல்லாப் பாரு. என்ன தெரியுது?”

“சுவரு ஒடஞ்சிருக்கிற மாதிரி தெரியுது.”

டைல்ஸ்காரர் இரக்கத்தோடு சிரித்தார். “போன்ல படம் எடுக்கறவனுக்கு அப்படித்தான் தெரியும். இதுக்குப் பேரு பிறழ்ச்சி. ஒளி மூலைக்கு வரப்ப ஒரே புள்ளில சேராது, ரெண்டாப் பிரியும்.”

“அப்படியா? எங்க அக்காவ எடுத்து ரெண்டா தெரியறாளான்னு பாருங்களேன். ஒருத்தி தைக்கட்டும், ஒருத்தி உங்களத் திட்டட்டும்.”

“ஒருத்தியே ரெண்டு வேலையும் பாக்கறேன், நீ சாப்பிடு” என்றாள் அக்கா.

மைத்துனன் சொன்னது அத்தோடு போயிற்று. விளையாட்டாகப் பேசுகிறவன் சொல்வதில் விஷயம் இருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை. அவனே நினைக்கவில்லை.

பிப்ரவரி கடைசி ஞாயிறு கீறலைச் சோதித்த பிறகு டைல்ஸ்காரர் ஒரு தரவரிசை எழுதினார். முதலிடம் ராணி. பிறகு குண்டு, மஞ்சள், ஊமை. கடைசியாகக் கீறல். ஆக, முடிவு தெரிந்துவிட்டது: ராணியை வைத்துக்கொள்ளலாம். அதை உறுதிசெய்துகொள்ள மறுபடி ராணியை மாட்டி ஒரு படம் எடுத்தார். பெரிதாக்கிப் பார்த்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ராணியும் கெட்டுவிட்டாள். கீறலைவிடக் கேவலமாக இருந்தது இடது கீழ் மூலை.

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. போன வாரம் ராணியைத் துடைத்தபோது கை தவறி ஏதாவது நகர்த்திவிட்டோமோ என்று யோசித்தார். பிறகுதான் ஐந்து லென்ஸும் ஒரே மூலையில் கெட வாய்ப்பில்லையே என்ற எண்ணம் பளிச்சிட்டது. அப்படியென்றால் குற்றவாளி வேறு யாரோ. தன்னுடைய தர்க்கத்தைத் தானே மெச்சிக்கொண்டு, புதுக் கேமராவைக் கட்டி எடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போனார். சென்சார் சாய்ந்திருப்பதாக எழுதிக் கொடுத்தார். அவர்கள் மூன்று நாள் வைத்திருந்துவிட்டு, பழுது எதுவும் இல்லை என்று திருப்பித் தந்தார்கள். கவுண்டரில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக, “சார், வேற எதையாவது எடுத்துப் பாத்தீங்களா?” என்று கேட்டாள். சர்வீஸ் சென்டர்களின் தரம் எவ்வளவு இறங்கிவிட்டது என்று அவர் பஸ் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தார்.

மார்ச் நான்காம் தேதி நகராட்சிப் பொறியாளர் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். தோளில் ஒரு பை, காலில் சேறு படிந்த ஷூ. கூடத்தின் உள்ளே எட்டு மெஷின்களும் துணி போர்த்தி வரிசையாக நின்றன. தரையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மின்பெட்டியைத் திறந்து மூடினார். முகத்தில் திருப்தி தெரிந்தது. மனைவி கணவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். போகிற போக்கில் பொறியாளர் கூடத்தின் கதவை இழுத்துச் சாத்தினார். குனிந்து அதன் அடியைப் பார்த்தார்.

“இதச் செதுக்கினது யாரு?”

“நான்தான்” என்றார் டைல்ஸ்காரர். “ரெண்டு தடவை.”

“ரெண்டு தடவையா?”

பொறியாளர் நிமிர்ந்தார். வெளியே வந்து சுவரைச் சுற்றினார். சிவப்பு வட்டங்களைத் தாண்டினார். டைல்ஸ்காரர் பழக்க தோஷத்தில் வட்டத்தருகே நின்றுவிட்டார். பொறியாளர் தகர வேலி ஓரமாக, சுவரின் இடது கீழ் மூலையில் குந்தி உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து தன்னுடைய அடையாள அட்டையை எடுத்தார். செங்கல் இடுக்கில் செருகினார். அட்டை பாதிவரை உள்ளே போனது.

“சார், இங்க வாங்க.”

அவர் போனார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்தச் சுவரைப் பக்கத்தில் நின்று, கண்ணால் பார்த்தார். விரிசல் காரையில் படிப்படியாக ஏறி, முழங்கால் உயரத்தைத் தாண்டி, இரண்டு செங்கல்களைப் பிளந்துகொண்டு மேலே போயிருந்தது. அதன் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். விரல் முட்டியால் ஒரு செங்கலைத் தட்டினார். தொழிற்சாலையில் அப்படி ஒரு சத்தம் வந்தால் யோசிக்காமல் உடைக்கப் போட்டுவிடுவார்.

“அஸ்திவாரம் இறங்கியிருக்கு” என்றார் பொறியாளர். “இந்த நிலைமைல எட்டு மெஷின் ஓடினா அதிர்வுல இன்னும் போகும். ஆளுங்கள உள்ள உட்கார வைக்க நான் கையெழுத்துப் போட முடியாதும்மா. மன்னிச்சுக்கோங்க.”

மனைவி குனிந்து விரிசலில் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாள்.

“இது உங்க படத்துல தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுது.”

“எப்பலேர்ந்து?”

“மூணு, நாலு வாரமா.”

“நான் சுவர் எப்படி இருக்குன்னு கேட்டப்பல்லாம் கூடவா?”

“லென்ஸ்தான் சரியில்லைன்னு நெனச்சேன்.”

அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் உள்ளே போய், ஒரு மெஷின் மேலிருந்த துணியை எடுத்து மடித்தாள். மறுபடி விரித்து அதே மெஷின் மேல் போர்த்தினாள்.

பொறியாளர் மட்டும் அங்கேயே நின்றார். “என்ன படம் சார்? சுவரையா எடுத்தீங்க?”

டைல்ஸ்காரர் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பொறியாளர் முதலில் நின்றுகொண்டு பார்த்தார். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரே இடம், ஒரே தூரம், ஒரே உயரம். ஒவ்வொரு படத்திலும் தேதி. மண்ணின் துகள்கூடத் தெரிகிற அளவு துல்லியம். விரிசலே இல்லாத சுவரில் தொடங்கி, வாரம் வாரமாக அது வளர்ந்த வரலாறு.

“சார், என் சர்வீஸ்ல இப்படி ஒரு பதிவ நான் பாத்ததே இல்ல. இத தேதி வரிசைல அடுக்கித் தர முடியுமா?”

அவர் எழுதி வைத்திருந்த தரவரிசையை எடுத்தார். அடுக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. சிறந்த லென்ஸிலிருந்து மோசமான லென்ஸ் வரை அவர் போட்ட வரிசையும் காலண்டரின் வரிசையும் ஒன்றாகவே இருந்தன. முதல் நாள் ராணி எடுத்த படத்தையும் கடைசியாக ராணி எடுத்த படத்தையும் பொறியாளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே லென்ஸ் என்பதால் அதற்கு மேல் யாரும் வாதாட முடியாது என்றார்.

கட்டட நிறுவனம் வாதாடித்தான் பார்த்தது. விரிசல் தாங்கள் பள்ளம் தோண்டுவதற்கு முன்பே இருந்தது என்றார்கள். படங்களைப் பார்த்ததும் அந்தப் பேச்சு நின்றது. அதிர்வு பற்றித் தங்களுக்கு எதுவுமே தெரியாது என்று அடுத்தபடியாகச் சொன்னார்கள். அப்போது டைல்ஸ்காரர், ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்காக இயந்திரத்தை நிறுத்திய மேற்பார்வையாளரின் பண்பைப் பற்றி மனதார எடுத்துச் சொன்னார். அந்த மேற்பார்வையாளர் தலையைக் குனிந்துகொண்டார். அஸ்திவாரத்தைப் பலப்படுத்திச் சுவரைத் தங்கள் செலவில் சரிசெய்து தர நிறுவனம் ஒப்புக்கொண்டது.

தெருவில் டைல்ஸ்காரரின் புகழ் ஓங்கியது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைக் காத்த மனிதர் என்று பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் தங்கள் சுவரையும் வந்து எடுத்துத் தரும்படி கேட்டார்கள். மனைவியின் முன்னால் வைத்து யாராவது இப்படிப் புகழ்ந்தால் அவர் பேச்சை மாற்றப் பார்ப்பார். அவள் மாற்ற விடமாட்டாள். “ஆமாங்க, ஒரு மாசம் விடாம பாத்தாரு. வேற யாரா இருந்தாலும் ஒரே நாள்ல பாத்து முடிச்சிருப்பாங்க” என்பாள்.

ஒரு நாள் அவர் பூஞ்சைக்குப் போன் செய்தார்.

“குண்டு எப்படியிருக்கு?”

“கத்தி மாதிரி இருக்கு தலைவரே.”

“மஞ்சள்?”

“அதுவும்தான்.”

“ஏன்யா, வாங்கின அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நீங்க கேக்கவே இல்லையே தலைவரே. உங்க கண்ணுக்கே தப்பாத் தெரிஞ்சத நான் சரின்னு சொன்னா மரியாதையா இருக்குமா?”

சொல்லியிருந்தால் பிப்ரவரி நடுவிலேயே கொத்தனார் வந்திருப்பார். பதில் சொல்ல வாயெடுத்த டைல்ஸ்காரருக்கு, இரவு உணவுக்கு நடுவில் மைத்துனன் சொன்னது ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டார்.

சுவர் வேலை நான்கு மாதம் பிடித்தது. சான்றிதழ் ஜூலை ஒன்பதாம் தேதி கிடைத்தது. மருத்துவமனை ஆர்டர் மார்ச் மாதத்திலேயே வேறொரு நிறுவனத்துக்குப் போய்விட்டது. எட்டு மெஷின்களில் மூன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மீதி ஐந்தில் தலையணை உறை தைக்கிறார்கள்.